பெரியப்பாவின் கம்பஸும் பிள்ளையின் ஸ்பானிஷும்

கோண்டாவிலில் இருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகள் ஏ.எல். (உயர்தரம்) கலைப்பிரிவு, யாழ் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கு அனுமதியும் வந்துவிட்டது. ஆனால் கனடாப் பெரியப்பா, "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யிறது" என்று கொழும்பில் ஒரு தனியார் கம்பஸில் முகாமைத்துவம் படிக்கச் சொல்கிறாராம், பாதிக் காசு தருவாராம். பிள்ளையோ இரவிரவாகப் போனில் ஸ்பானிஷ் படிக்கிறாளாம்.

அம்மா, ஆறுதலாக நாலு வரி எழுதத்தான் இருந்தேன். மிச்சப் பாதிக்குத் தாலிக்கொடியை அடகு வைக்க யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்த பிறகு முடியவில்லை. வைக்காதீர்கள். கட்டணமில்லாத பட்டம் யாழ் பல்கலைக்கழகம் இருக்கும் நம் திருநெல்வேலியில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும்போது, பிள்ளை விரும்பாத படிப்புக்கு நகை எதற்கு? பெரியப்பாவுக்கு இரண்டாம் வருடம் வேலை போனால் மீதியை யார் கட்டுவது என்று கேட்டீர்களா?

கலைப் பட்டத்துக்கு வங்கிப் பரீட்சை, ஆசிரியர் நியமனம் என்று வழி இருப்பது உங்களுக்கே தெரியும், விடுகிறேன். ஸ்பானிஷுக்கு வருகிறேன். இங்கே பிரெஞ்சு என்றால் பாரிஸில் ஒரு மாமா இருப்பார், ஸ்பானிஷுக்கு யாரும் இல்லை, அதனால் அதை விளையாட்டு என்று நினைக்கிறோம். மெக்சிகோ, கொலம்பியா, ஆர்ஜென்டினா என்று 20 நாடுகளில் ஆட்சிமொழி அது, ஐ.நா.வின் 6 மொழிகளில் ஒன்று.

தமிழ்ப் பிள்ளைக்கு அதில் சில இடங்கள் ஆங்கிலத்தைவிட லேசு. 'நான்' என்று சொல்லவே வேண்டாம், வினையின் விகுதி ஆளைக் காட்டிவிடும்: ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாமோஸ் என்றால் பேசுகிறோம். 'மே குஸ்தா' அப்படியே நம் 'எனக்குப் பிடிக்கும்'. நீ, நீங்கள் போலவே தூ, உஸ்தெத். ரகர றகரத்தைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும், பெரோ 'ஆனால்', பெறோ நாய்! கஷ்டமும் இருக்கிறது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், ஆகவே சொல்லை 'லா மேசா', 'எல் லிப்ரோ' என்று முன்னால் வரும் லா, எல் என்பதோடுதான் பாடமாக்க வேண்டும், பிறகு தனியாகப் பால் படிக்கப் போனால் தலை சுற்றும். 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள்: ஆசிரியராக இருப்பதற்கு ஸேர், களைப்பாக இருப்பதற்கும் வீட்டில் இருப்பதற்கும் எஸ்தார். விருப்பம், சந்தேகம் சொல்லும்போது வினை வேறு உருவம் எடுக்கும், பலர் விட்டுவிட்டு ஓடுவது அங்கேதான். அன்றாடச் சொற்களை அட்டவணையாக எழுதாமல் சமையலறை, சந்தை, பஸ் என்று வசனமாகவே அவள் எழுதிப் பழகட்டும்.

போன் செயலியோடு நின்றால் சாப்பாடு கேட்கலாம், சம்பளம் கேட்க முடியாது. ஸ்பெயின் கல்வி அமைச்சின் பெயரில் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் ஸ்பானிஷ் தேர்ச்சிப் பரீட்சையான டெலே ஏ1 முதல் சி2 வரை 6 படிகள், சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. நாலாம் படியான பி2 வரை போனால்தான் வேலைக்கு மதிப்பு. கீழ்ப்படிகளுக்கெல்லாம் காசு கட்ட வேண்டாம், நேராக அந்தப் படிப் பரீட்சைக்கே தோற்றலாம். பரீட்சை நிலையம் எங்கே என்று முதலில் பாருங்கள், பயணச் செலவும் கணக்கில் வர வேண்டும்.

மொழி மட்டும் சோறு போடாது, சாதாரண மொழிபெயர்ப்பை இப்போது இயந்திரமே செய்துவிடுகிறது. அதனால்தான் பட்டமும் கூடவே ஓடட்டும் என்கிறேன். பட்டத்தோடு சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வழிகாட்டி அனுமதிப்பத்திரமும் எடுத்தால் ஸ்பானிஷுக்கு விலை உண்டு. ஸ்பெயின்காரர் நீண்ட விடுமுறை எடுப்பது ஓகஸ்ட்டில், நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். தேரையும் காவடியையும் அவர்கள் மொழியில் விளக்க யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பெரியப்பாவோடு நீங்களே பேசுங்கள், பிள்ளையைப் பேச விடாதீர்கள். உதவத்தான் மனம் என்றால் ஒரு நல்ல மடிக்கணினியும் பரீட்சைக் கட்டணமும் அனுப்பட்டும். 'ஸ்பெயினுக்கு விசா எடுத்துத் தாறம்' என்று எந்த ஏஜென்சியாவது வந்தால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.