வாசகர் கேள்வி - பதில்: மண் கல்லும் ஈரச்சாக்கும்

கேள்வி: நான் சிறிய ஒப்பந்ததாரர். சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்லில் ஒரு கட்டடம் எழுப்பினேன். ஓரங்கள் உதிர்கின்றன. பசுமைக் கட்டடமெல்லாம் வளரும் நாடுகளுக்கு ஒத்துவராது என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இதே அடி எனக்கும் விழுந்தது. முதன்முதலாக மண் கல் அடிக்கும் இயந்திரத்தை வேலையிடத்தில் இறக்கிய மூன்றாம் மாதமே, சுவர் முனையில் விரல் பட்டால் மண் கொட்டியது. எல்லாரும் மண்ணைத் திட்டினார்கள். விசாரித்தால், கல்லை அடித்த அன்றே வெயிலில் காயப் போட்டிருக்கிறார்கள். சூளைக்குப் போகும் பச்சைக் கல்லை அப்படிக் காயவைத்துப் பழகிய கைகள் அவை. இந்தக் கல்லிலோ சுமார் 5 சதவீதம் சிமென்ட் இருக்கிறது; ஈரம் இருந்தால்தான் அது இறுகும். ஈரச்சாக்கு மூடி, 4 வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கினேன். மேஸ்திரிக்கும் சித்தாட்களுக்கும் பயிற்சி தர ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட்டுக்கும் இதே கதிதான். தொடக்கத்தில் மெதுவாகத்தான் வலுவேறும். 7-ஆம் நாள் சோதனையைப் பார்த்துவிட்டு 'தேறாது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 56-ஆம் நாள் மறுபடி சோதித்துப் பாருங்கள்.

வளரும் நாடுகளுக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே கட்டிய தொடக்கப்பள்ளி 2001-இல் முடிந்தது. ஊர் மக்களுக்கே கற்றுக்கொடுத்து மண் கல் அடிக்க வைத்தார். தகரக் கூரையை உயர்த்தி, அடியில் காற்று ஓட இடம் விட்டார். 2022-இல் அவருக்குக் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. எனக்கு அந்தப் பரிசைவிட, வேலை கற்ற அந்த ஊர்க்காரர்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள்.

உங்கள் சுவரில் உதிரும் கற்களை மட்டும் மாற்றுங்கள். அடுத்த வேலையில் முதல் 100 கல்லை மேஸ்திரியோடு உட்கார்ந்து நீங்களே அடியுங்கள்.

கேள்வி: நான் இளம் கட்டடக் கலைஞர். பசுமை அம்சம் என்றாலே கட்டி விற்பவர்கள் 'பட்ஜெட் தாங்காது' என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

பதில்: அவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், மின்கட்டணம் கட்டப்போவது வேறொருவர். எனவே கட்டும்போதே மிச்சமாவதைச் சொல்லுங்கள். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே பொந்து விடும் எலிப்பொறிக் கட்டில் ஏறக்குறைய கால்பங்கு கல் குறையும், வெப்பமும் குறையும். மேற்குச் சுவரில் ஜன்னலைச் சிறிதாக்கச் செலவே இல்லை. வங்கிக் கடன் தேடுகிறவர் என்றால், உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. (சர்வதேச நிதிக் கழகம்) உருவாக்கிய 'எட்ஜ்' என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழைப் பற்றிச் சொல்லுங்கள். எரிசக்தி, தண்ணீர், கட்டுமானப் பொருள் மூன்றிலும் குறைந்தது 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும். கணக்குப் போடும் மென்பொருள் இலவசம். வரைபடம் கையெழுத்தாகும் முன்பே அதைப் போட்டுப் பாருங்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு ஜன்னலையும் நிழலையும் மாற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.