சேற்றில் தங்கிய மூலக்கூறுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்தோம். அவற்றிலிருந்து, அக்கால உயிர்கள் விட்டுச்சென்ற பழைய மூலக்கூறுகளை எடுக்க முடியுமா? (புதுச்சேரி ஆசிரியை)

மிகக் குறைவாகவே கிடைக்கும். சிலிக்கா புகுந்து மரத்தின் வடிவத்தைக் காத்ததே தவிர, அதன் கரிமப் பொருள் பெரும்பாலும் போய்விட்டது. மூலக்கூறுகளைத் தேட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியே ஏற்ற இடம்.

பிச்சாவரத்துச் சேற்றைக் கொண்டு பழைய மழைக்காலங்களை அறியலாமா? (சிதம்பரம் மாணவர்)

அறியலாம், ஆனால் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று சொல்ல இயலாது. இலை மெழுகில் உள்ள, 27 முதல் 33 கார்பன் அணுக்கள் கொண்ட ஹைட்ரோகார்பன்கள் எளிதில் மட்காமல் வண்டலில் தங்கிவிடுகின்றன. ஒளிச்சேர்க்கை செய்யும் முறையைக் கொண்டு தாவரங்களை சி3, சி4 எனப் பிரிப்பார்கள். மரங்களையும் நெல்லையும் போன்ற சி3 தாவரங்களைவிட, சோளம், கரும்பு போன்ற சி4 தாவரங்களின் மெழுகில் கார்பன்-13 என்னும் சற்றுக் கனமான கார்பன் கூடுதலாக இருக்கும். நிலம் வறண்டு சி4 புற்கள் பெருகினால் வண்டலில் தங்கும் மெழுகிலும் கார்பன்-13-இன் விகிதம் உயரும். கோதாவரி முகத்துவாரத்துக்கு அப்பால் எடுத்த கடலடி வண்டலை இவ்வாறு ஆராய்ந்தபோதுதான், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அந்த ஆற்றுப் படுகையில் வறட்சி தாங்கும் தாவரங்கள் பெருகியது தெரியவந்தது.

பிச்சாவரத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். அங்கே நிற்கும் சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் மெழுகோடு, வெள்ளாறும் கொள்ளிடமும் அடித்துவந்த மெழுகும் கலந்து கிடக்கிறது. கொள்ளிடத்து வண்டலில் தென்மேற்குப் பருவமழை பெறும் குடகு வரையிலான காவிரிப் படுகையின் தடயமும், கரையோரத் தாவரங்களில் வடகிழக்குப் பருவமழையின் தடயமும் இருப்பதால், இரண்டையும் ஒரே மழையாகப் படித்தால் முடிவு தவறிவிடும். சுரபுன்னை இலையில் மிகுந்துள்ள டாராக்சரால் என்னும் சேர்மத்தையும் உடன் அளப்பது உள்ளூர்ப் பங்கை மதிப்பிட உதவும்.

கடல் நீரின் பழைய வெப்பநிலையும் தெரியுமா? (கடலூர் முதுநகர் வாசகர்)

தெரியும். சில நுண்பாசிகள் உண்டாக்கும் அல்கீனோன்கள் என்னும் கொழுப்புச் சேர்மங்களில், நீர் குளிரும்போது இரட்டைப் பிணைப்புகள் கூடுகின்றன. 1986 முதல் இதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். எனினும், 28 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் இந்த அளவுகோல் ஏறத்தாழ உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. நம் வங்கக் கடலின் மேற்பரப்போ ஆண்டில் பல மாதங்கள் அதே வெப்பத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே, ஆர்க்கியா என்னும் ஒற்றைச் செல் நுண்ணுயிர்களின் சவ்வுக் கொழுப்பை அளக்கும், 2002-இல் வெளிவந்த டெக்ஸ்86 முறையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் எடுத்து வரலாமா? (அதே மாணவர்)

வேண்டாம், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் சேர்மங்கள் ஆய்வைக் கெடுக்கும். அலுமினியத் தாளில் சுற்றி உறைகுளிரில் வையுங்கள். படகு டீசல் கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், கார்பன் அணுக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள சங்கிலிகளையும் இரட்டைப்படையாக உள்ளவற்றையும் ஒப்பிடுங்கள்: இலை மெழுகில் ஒற்றைப்படை ஓங்கி நிற்கும், பெட்ரோலிய எண்ணெயில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்.