பெர்லின் விமான நிலையம்: திறக்காமல் விட்டதுதான் சரி (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: நேரம் தவறாதவர்கள், பொறியியலில் கெட்டிக்காரர்கள் என்று ஜெர்மானியர்களைச் சொல்கிறோம். தங்கள் தலைநகருக்கு ஒரு விமான நிலையம் கட்ட அவர்களுக்கே 14 வருடம் ஆனது எப்படி?

பெர்லினைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த சுவர் இருந்த காலத்தில் நகரத்துக்குப் பொதுவாக ஒரு விமான நிலையம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேற்கில் டெம்பல்ஹோஃப், டேகல், கிழக்குக்கு ஷோனஃபெல்ட். நகரம் ஒன்றான பிறகு, ஷோனஃபெல்டை ஒட்டிப் பெரிதாக ஒன்றைக் கட்டிவிட்டு மற்றவற்றை மூடிவிடலாம் என்று 1996-ல் முடிவெடுத்தார்கள். பெர்லின் மாநிலத்துக்கு 37 சதவீதம், அதைச் சுற்றியிருக்கும் பிராண்டன்பர்க் மாநிலத்துக்கு 37 சதவீதம், மத்திய அரசுக்கு 26 சதவீதம் என்று மூன்று பங்காளிகள். தனியாரிடம் கொடுக்கப் பார்த்து அது 2003-ல் முறிந்தது. சுற்றுவட்டார மக்கள் சத்தத்துக்குப் பயந்து வழக்குப் போட்டார்கள், நியாயமான பயம்தான். இரவு விமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்து 2006 மார்ச்சில் நீதிமன்றம் அனுமதி கொடுக்க, செப்டம்பரில் வேலை தொடங்கியது.

சிக்கல் ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். முனையக் கட்டடம் முழுவதையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் விடத் திட்டமிட்டு டெண்டர் கேட்டார்கள். வந்த விலைகள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். உடனே டெண்டரை ரத்து செய்துவிட்டு, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளாளுக்குக் கொடுத்து, மேற்பார்வையை விமான நிலைய நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு முடிவுதான். ஏனென்றால் அதே சமயத்தில் வரைபடமும் மாறிக்கொண்டே இருந்தது: பயணிகள் கூடுவார்கள் என்று கட்டடம் பெரிதானது, கடைகளுக்கு இடம் கூடியது, இரண்டடுக்கு ஏ380 விமானம் வந்து நிற்க வசதி கேட்டார்கள். அடித்தளம் போட்ட பிறகு வீட்டுக்கு இன்னொரு மாடி கேட்பது போலத்தான். ஒவ்வொரு மாற்றமும் மின்கம்பியை, குழாயை, கதவை, காற்றோட்டத்தைத் தொடும். அந்த நான்கும் நான்கு வெவ்வேறு ஒப்பந்ததாரர்களிடம் இருந்தால், ஒருவர் மாற்றியது அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? மொத்தத்தையும் பார்த்து "நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டிய மேற்பார்வைக் குழுவில் அரசியல்வாதிகள் உட்கார்ந்திருந்தார்கள், தலைவராக இருந்தவர் பெர்லின் மேயர் க்ளாவுஸ் வோவெரைட். கட்டுமானத்தில் அனுபவமுள்ள ஆட்கள் அங்கே போதவில்லை.

கேள்வி: புகை வெளியேற்றும் ஏற்பாடு சரியில்லை என்பதற்காகவே திறப்பு விழாவை நிறுத்தினார்களாமே? அது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம், அவ்வளவு பெரிய விஷயம்தான். 2012 ஜூன் 3-ம் தேதி திறப்பு, மே 8-ம் தேதி ரத்து. நான்கு வாரம்கூட இல்லை. டேகலிலிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு வர லாரிகள் வரை ஏற்பாடாகியிருந்தது. புது நிலையத்தை நம்பிக் கடை எடுத்து, ஆள் சேர்த்து, சரக்கு வாங்கி வைத்திருந்த சிறு வியாபாரிகள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

விஷயம் இதுதான். கூரையின் அழகு கெடக்கூடாது என்று, புகையின் ஒரு பகுதியை மேலே விடாமல் கீழ்நோக்கி இழுத்துத் தரைக்கடியில் ஓடும் குழாய்கள் வழியாக வெளியேற்றும்படி வடிவமைத்தார்கள். சூடான புகை மேலே போகத்தான் பார்க்கும். அதைக் கீழே இழுக்க வேண்டுமென்றால் பெரிய பெரிய மின்விசிறிகள், நூற்றுக்கணக்கான மூடிகள், எது எப்போது திறக்க வேண்டும் என்று நொடியில் முடிவு செய்யும் கணினி எல்லாம் ஒன்றோடொன்று பிசகாமல் இயங்க வேண்டும். அங்கே வேலை செய்தவர்களே அந்த அமைப்புக்கு 'அரக்கன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சோதித்துப் பார்த்தபோது அது சொன்னபடி கேட்கவில்லை. சரி, தேதியைக் காப்பாற்ற என்ன வழி என்று யோசித்து, நூற்றுக்கணக்கான ஆட்களை ஆங்காங்கே நிறுத்தி, தீப்பிடித்தால் போனில் சொல்ல அவர்கள் கையால் கதவைத் திறப்பார்கள் என்று ஒரு யோசனையை வைத்தார்கள். விமான நிலையம் பிராண்டன்பர்க் எல்லைக்குள் இருப்பதால் அனுமதி தர வேண்டியது டாமெ-ஷ்ப்ரேவால்ட் மாவட்டத்தின் கட்டட அலுவலகம். அந்தச் சிறிய அலுவலகம் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த அதிகாரிகளை 'காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள்' என்று அன்று திட்டியவர்கள் உண்டு. 1996 ஏப்ரல் 11-ம் தேதி டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் வெல்டிங் பொறி விழுந்து கூரைக்குள் இருந்த காப்புப் பொருள் தீப்பிடித்தது, 17 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றதில் பெரும்பங்கு புகைக்குத்தான். அதை நினைவில் வைத்திருக்கிற ஒரு நாட்டில், ஆயிரக்கணக்கான பேர் நிற்கும் மண்டபத்துக்கு "போனில் சொல்லிக் கதவைத் திறப்போம்" என்ற உத்தரவாதத்தை நம்பி எப்படிக் கையெழுத்துப் போடுவது? இந்தக் கதையில் மூன்று அரசுகளும் பெரிய பெரிய நிறுவனங்களும் செய்யாத வேலையை அந்த மாவட்ட அலுவலகம் செய்தது என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

கேள்வி: அப்படியானால் திறக்காத அந்த 8 வருடமும் கட்டடம் சும்மா பூட்டிக் கிடந்ததா?

சும்மா பூட்டி வைக்க முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். முனையத்துக்குக் கீழே ரயில் நிலையம் தயாராக இருந்தது, பயணிகள் இல்லை. சுரங்கத்தில் காற்று தேங்கி ஈரம் பிடித்துவிடும் என்று ஆளில்லாத ரயிலை அதற்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விமான நேரம் காட்டும் திரைகள் ஒரு பயணியையும் பார்க்காமலே ஆயுள் முடிந்து, 2018-ல் 750 திரைகளை மாற்ற வேண்டி வந்தது. ஒன்றைச் சரிசெய்யத் திறந்தால் இன்னொன்று வெளியே வந்தது: ஒரே தட்டில் அடைத்து வைத்த கம்பிகள், தீயணைக்கப் போதிய தண்ணீர் கொடுக்காத தெளிப்பான் குழாய்கள், கட்டளைக்கு மூடாத தானியங்கிக் கதவுகள். தலைமை நிர்வாகிகள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். கடைசியில் 2017-ல் பொறுப்பேற்ற எங்கெல்பர்ட் லுட்கே டால்ட்ரப் காலத்தில்தான் அறிவித்த தேதி நிலைத்தது.

கேள்வி: மொத்தச் செலவு?

தொடங்கும்போது சொன்னது சுமார் 200 கோடி யூரோ. முடிந்தபோது சுமார் 600 கோடி.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விமான நிலையத்தை மூடி, இன்னொன்றுக்கு மாறுவது எப்படி நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கட்டடம் முடிந்ததும் முதலில் ஒத்திகை. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வரவழைத்து, பொய்ப் பெட்டியும் பொய்ச் சீட்டும் கொடுத்து, வரிசையில் நிறுத்தி, பெட்டியைத் தொலைத்து, வழி மாற்றி அனுப்பி, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார்கள். 2020-ல் கொரோனாவுக்கு நடுவிலும் இதைச் செய்தார்கள். 2012-ல் ஒரே ராத்திரியில் மாறுவதாக இருந்தவர்கள், இந்த முறை நிதானமாக, சில நாட்களில் பிரித்துச் செய்தார்கள். அக்டோபர் 31-ம் தேதி புது நிலையம் திறந்தது, ஈஸிஜெட், லுஃப்தான்சா விமானங்கள் வந்து இறங்கின. பழைய ஷோனஃபெல்ட் கட்டடம் 5-ம் முனையம் என்று பெயர் மாறி, சில மாதங்களில் மூடப்பட்டது. நவம்பர் 8-ம் தேதி டேகலிலிருந்து கடைசி விமானம் பாரிஸுக்குக் கிளம்பியது, ஏர் ஃபிரான்ஸ். 1960-ல் அங்கே முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான், அதனால் அந்த மரியாதையை அவர்களுக்கே கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷோனஃபெல்டின் பழைய ஓடுபாதையை வீணாக்காமல், நீட்டி, புது நிலையத்தின் வடக்கு ஓடுபாதையாக்கிக்கொண்டார்கள், 3,600 மீட்டர். தெற்கே புதிதாகப் போட்டது 4,000 மீட்டர். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் இடைவெளி இருப்பதால் ஒன்றில் நடப்பதற்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: இப்போது நன்றாக ஓடுகிறதா? மகனைப் பார்க்க பெர்லின் போகவிருக்கிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

ஓடுகிறது, ஆனால் எதிர்பார்த்த அளவு கூட்டம் இல்லை. பழைய இரண்டு நிலையங்களும் சேர்ந்து 2019-ல் 3.5 கோடிக்கும் அதிகமான பயணிகளைப் பார்த்தன. புதியது 2024-ல் பார்த்தது சுமார் 2.5 கோடி. இதைத் தன் முக்கியத் தளமாக்கும் என்று நம்பியிருந்த ஏர் பெர்லின் 2017-லேயே திவாலாகிவிட்டது. லுஃப்தான்சாவின் நீண்டதூர விமானங்கள் ஃப்ராங்க்ஃபர்ட்டையும் மூனிக்கையும் சுற்றியே இருக்கின்றன. எமிரேட்ஸ் வர ஆசைப்பட்டும் ஜெர்மனியில் அதற்கு அனுமதித்த நகரங்களில் பெர்லின் இல்லை. எனவே நீங்கள் தோஹா, இஸ்தான்புல், ஃப்ராங்க்ஃபர்ட் மாதிரி ஓர் இடத்தில் மாறிப் போக வேண்டியிருக்கும், நடுவில் போதிய நேரம் விட்டுச் சீட்டு எடுங்கள்.

இறங்கியதும் டாக்சி தேட வேண்டாம், ரயில் முனையத்துக்கு அடியிலேயே நிற்கிறது. பெர்லினில் ரயில், பஸ் கட்டணத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள். நிலையம் நகர எல்லைக்கு வெளியே, சி மண்டலத்தில் இருக்கிறது. அதனால் ஏ-பி சீட்டு செல்லாது, ஏ-பி-சி சீட்டு வாங்குங்கள், சீட்டில் முத்திரையிட வேண்டியிருந்தால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் போட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது பாதுகாப்புச் சோதனைக்கு இணையத்தில் இலவசமாக நேரம் பதிவு செய்துகொள்ளலாம், விடுமுறை நாட்களில் அது மிகவும் உதவும், உங்கள் மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.