தார்க்கோவ்ஸ்கி படங்கள் உண்மையிலேயே ஆழமானவையா, வெறும் அறிவுஜீவி பந்தாவா?

யாரோ நண்பர், ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பார். நீங்களும் மடிக்கணினியில் போட்டு, மூன்று பேரும் தண்டவாள டிராலியில் போய்க்கொண்டே இருக்கிற இடத்தில் தூங்கியிருப்பீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதிப்பேர் அங்கேதான் தூங்குகிறார்கள்.

என்னைக் கேட்டால் அவருடைய காட்சிகளில் ஆழம் இருக்கிறது, வசனத்தில்தான் பந்தா. ‘தி சாக்ரிஃபைஸ்’ (1986) தொடங்கியதும் ஒருவர் பட்ட மரத்தை நட்டுக்கொண்டே மகனிடம் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். பையனுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை, அப்பாவை நிறுத்தவும் வழியில்லை. போதாததற்குத் தபால்காரர் சைக்கிளில் வந்து ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயைப் பற்றிப் பேசுகிறார். ‘சோலாரிஸ்’ (1972) படத்தில் டோக்கியோ சாலைகளில் கார் போகிற நீண்ட காட்சியையும் நான் எங்கேயும் தாங்கிப் பேசியதில்லை.

ஆனால் ‘நொஸ்டால்ஜியா’வை (1983) யாராவது பந்தா என்றால் எனக்குக் கோபம் வரும். காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் அதைத் திரையிட்டார்கள். கடைசியில், தண்ணீர் வடிந்துபோன வெந்நீர்க் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, எரியும் மெழுகுவர்த்தியை நாயகன் அணையாமல் கொண்டுபோக வேண்டும். ஒரு பித்தனுக்குக் கொடுத்த வாக்கு அது. இரண்டு தடவை அணைந்துவிடும். திரும்பிப் போய் முதலிலிருந்து. ஏறக்குறைய 9 நிமிடம், ஒரே ஷாட். அந்த இடத்தில், மண்டபத்தைப் பூட்ட நேரமாகிவிட்டது என்று சங்கத்துப் பொறுப்பாளர் ஒருவர் ரிமோட்டை எடுத்து வேகமாக ஓட்டிவிட்டார்! “ஒண்ணும் நடக்கலையே சார், நடந்துட்டுதான இருக்கார்” என்றார். நான் எழுந்து கத்தினேன். பின்வரிசையில் சிரித்தார்கள்.

அந்த 9 நிமிடத்தில்தான் எல்லாமே நடக்கிறது. நடுவில் ஒரு வெட்டு விழுந்திருந்தால், அணைந்ததைப் பற்றவைத்து ஒட்டிவிட்டார்கள் என்று தோன்றிவிடும். வெட்டே இல்லாததால் அந்தச் சுடர் நிஜமாகவே அணைந்துபோகலாம். நாயகனாக நடிக்கும் யான்கோவ்ஸ்கி கோட்டை விரித்துக் காற்றை மறைக்கும்போது பார்க்கிறவனும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். இங்கே நீளத்துக்கு வேலை இருக்கிறது. டோக்கியோ காருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரே இயக்குநரின் இரண்டு நீண்ட காட்சிகளையும் எடைபோட நான் வைத்திருக்கிற அளவுகோல் இதுதான்.

‘ரசனைத் திமிர்’ என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை மதியம் கவுண்டமணி பார்த்துவிட்டுத் தூங்குகிற ஆள்தான் நானும். மெதுவாகப் போவதெல்லாம் உயர்ந்தது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இவரைக் காப்பியடித்து, ஜன்னல் வழியே மழையைப் பத்து நிமிடம் காட்டுகிற விழாப் படங்களுக்கு என்னிடம் இரக்கமே கிடையாது.

   

சரி, உங்களுக்கு: ‘இவானின் குழந்தைப் பருவம்’ (1962) பாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான், போர்க்கதை, வசனமும் குறைவு. அது பிடித்தால் ‘ஆந்த்ரே ருப்லேவ்’ போடுங்கள். கடைசியில் ஒரு பையன் மணி வார்க்கிற பகுதி வரும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகப் பந்தா என்று சொல்லிக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.