வேட்டைக்கு முந்தைய இரவு உணவும் சர்க்கரை நோயாளியும்

கேள்வி: எனக்கு வயது 48. டென்வரில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும், காலையில் கிளிமெபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் அக்டோபரிலும் அலுவலக நண்பர்களுடன் கொலராடோவின் கன்னிசன் என்னும் ஊரருகே மலையில் எல்க் மான் வேட்டைக்குப் போவேன். வேட்டை தொடங்குவதற்கு முந்தைய இரவு முகாமில் கூடி உண்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த நேரம். முந்தைய ஆண்டு கிடைத்த இறைச்சியைப் போட்டு இரும்புச் சட்டியில் வேகவைத்த சில்லி என்னும் காரக் குழம்பு, வெண்ணெயில் வாட்டிய ஸ்டேக் என்னும் தடித்த இறைச்சித் துண்டு, மக்காச்சோள ரொட்டி, அதன்பின் விஸ்கி. சென்ற முறை சர்க்கரைக்குப் பயந்து ரொட்டியைத் தொடவே இல்லை. ஆனாலும் நள்ளிரவில் நெஞ்செரிச்சல் வந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு மாத்திரையைக் கறுப்புக் காப்பியோடு விழுங்கிவிட்டு மலையேறியபோது கை நடுங்கி, உடல் வியர்த்து, துப்பாக்கியைத் தோளில் நிறுத்த முடியவில்லை. சாக்லேட் தின்ற அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இந்த ஆண்டு நண்பர் ஒருவர் கரடி இறைச்சி சாசேஜ் கொண்டுவரப் போகிறார். அந்த விருந்தையே நான் விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நண்பர்களோடு அமர்ந்து உண்ணும் அந்த உணவின் அருமை எனக்குப் புரிகிறது. ஆனால் சென்ற ஆண்டு நீங்கள் ஒதுக்கிய பொருளையும் ஒதுக்காமல் விட்ட பொருளையும் அப்படியே இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று நடந்தது பெரும்பாலும் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோனதன் விளைவு. இரவு மாவுச்சத்து ஏதும் உண்ணாததால், கல்லீரலில் சேமிப்பாக இருக்க வேண்டிய சர்க்கரை குறைவாகவே இருந்திருக்கும். அந்தச் சேமிப்பு தீரும்போது கல்லீரல் புதிதாகச் சர்க்கரையை உருவாக்கி ஈடுகட்டும். அந்த வேலையைத்தான் விஸ்கி பல மணி நேரம் தடுத்துவிடுகிறது. இந்த நிலையில், வயிற்றில் உணவே இல்லாதபோது இன்சுலினைச் சுரக்கச் செய்யும் கிளிமெபிரைடை விழுங்கிவிட்டு, செங்குத்தான மலையில் தசைகள் சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்ளும்படி ஏறியிருக்கிறீர்கள். நீங்கள் அஞ்சிய மக்காச்சோள ரொட்டி அன்று உங்களுக்குக் காவலாக இருந்திருக்கும். நடுங்கும் கையிலும் குழம்பிய மனத்திலும் குண்டு ஏற்றிய துப்பாக்கி இருந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆகவே இந்த ஆண்டு மாலை ஆறரை மணிக்குள் உண்டு முடியுங்கள். ஒரு கிண்ணம் சில்லியும், உள்ளங்கை அளவு ஸ்டேக்கும், இரண்டு துண்டு ரொட்டியும் போதும். சில்லியில் பீன்ஸ் இருந்தால் நல்லது, அதன் மாவுச்சத்து மெதுவாகவே இரத்தத்தில் சேரும். ஆனால் வீட்டில் பீன்ஸ் உண்டு பழகாதவர் அன்று இரவு அதைத் தொடங்கக் கூடாது, ஏனெனில் உயரம் கூடக் கூடக் குடலில் உள்ள வாயு விரிவடைந்து வயிறு உப்பும். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு வெளியேற நேரமாகும் என்பதால், நிறைய உண்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் வரும். உண்டபின் மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தால் உங்கள் நள்ளிரவுத் தொல்லை பெருமளவு குறையும்.

விஸ்கியை அன்று முழுமையாகத் தவிர்க்கச் சொல்கிறேன். சர்க்கரை மட்டும் அதற்குக் காரணமன்று. 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்குவோருக்கு மலைநோய் வரலாம். உங்கள் முகாம் 3,000 மீட்டரை ஒட்டி இருந்தால், 1,600 மீட்டர் உயரமுள்ள டென்வரில் வாழ்ந்து பழகியவருக்கும் அது வரக்கூடும். தலைவலி, குமட்டல், களைப்பு ஆகிய அதன் அறிகுறிகள் குடித்த மறுநாள் வரும் தலைவலியைப் போலவே இருப்பதால், குடித்தவர் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் மேலும் மேலே ஏறிவிடுகிறார். மது உறக்கத்தையும் கெடுக்கும், உடலின் நீரையும் குறைக்கும்.

கரடி சாசேஜ் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். கரடியின் தசையில் டிரிக்கினெல்லா என்னும் புழுவின் இளம்பருவங்கள் தங்கியிருக்கலாம். கனடாவின் சஸ்காச்சுவானில் வேட்டையாடப்பட்ட ஒரு கருங்கரடியின் இறைச்சியை 45 நாள் உறையவைத்து, 2022ஆம் ஆண்டு தெற்கு டகோட்டாவில் நடந்த ஒரு குடும்பக் கூடலில் பரிமாறினார்கள். சரியாக வேகாத அந்த இறைச்சியால் ஆறு பேருக்கு நோய் வந்தது; அவர்களில் இருவர் இறைச்சியைத் தொடாமல், அதனுடன் சேர்ந்து வெந்த காய்கறியை மட்டுமே உண்டவர்கள். கரடிகளில் காணப்படும் சில வகைப் புழுக்கள் உறைகுளிரையும் தாங்கும். புகையிடுவதோ உப்பிட்டு உலர்த்துவதோ அவற்றைக் கொல்லும் என நம்ப முடியாது. உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும்; இறைச்சி வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் ஒழிய அதை உறுதிசெய்ய முடியாது. அந்த வசதி முகாமில் இல்லையென்றால் நீங்கள் அதை உண்ண வேண்டாம், நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எல்க் இறைச்சியைப் பொறுத்தவரை, மான்களின் மூளையை அழிக்கும் நீடித்த நலிவு நோய் 1967இல் கொலராடோவில்தான் முதலில் அறியப்பட்டது. மனிதருக்கு அது பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், அதை உண்டாக்கும் பிரியான் என்னும் புரதம் வேகவைப்பதால் அழிவதில்லை. எனவே பரிசோதனையில் நோயில்லை எனத் தெரிந்த விலங்கின் இறைச்சியை மட்டும் சட்டியில் போடுங்கள்.

மறுநாள் காலை ஓட்ஸ் கஞ்சியோ நிலக்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியோ உண்ணாமல் மாத்திரையை வாயில் போடாதீர்கள். வேட்டை நாட்களில் கிளிமெபிரைடைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை உங்கள் மருத்துவரிடம் புறப்படும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் இரத்தச் சர்க்கரை அளவு 100க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இருந்தால் உண்டுவிட்டுப் புறப்படுங்கள். 70க்குக் கீழே போனால் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துவிட்டு, 15 கிராம் குளுக்கோஸ் மாத்திரை உண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அதை நம்ப வேண்டாம். குளுக்கோமீட்டர் கடுங்குளிரில் தவறான அளவு காட்டலாம், சட்டையின் உட்பையில் வையுங்கள்.

சென்ற ஆண்டு அந்த நேரத்தில் நீங்கள் சர்க்கரையை அளந்து பார்க்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது. சாக்லேட்டுக்குப்பின் தேறியதால் தாழ் சர்க்கரை என்று ஊகிக்கிறேனே தவிர, அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வியர்வையும் களைப்பும் மட்டுமாக வரலாம். தெற்காசியர்களுக்கு இதய நோய் இளவயதிலேயே வருவதும் உண்டு. மிச்சிகனில் மான் வேட்டைக்குச் சென்ற 25 ஆண்களின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து 2007இல் வெளிவந்த ஆய்வில், சிலருக்கு டிரெட்மில்லில் எட்டிய உச்ச அளவையும் தாண்டித் துடிப்பு உயர்ந்தது. அக்டோபருக்கு முன் இதய மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அவர் சம்மதிக்கும்வரை, பெரிய எல்க் ஒன்றின் ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள தொடையைத் தோளில் சுமந்து இறங்கும் வேலையை நண்பர்களிடம் விட்டுவிடுங்கள்.