அடிக்கவில்லை என்றால் போதுமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பக்கத்து வீட்டு நாய், குட்டியாக வந்த நாளிலிருந்து ஒரே தூணில்தான் கட்டிக் கிடக்கிறது. சோறு போடுகிறார்கள்; யாரும் அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் இரவு முழுக்க ஊளையிடுகிறது. கேட்டால், "நாங்க என்ன அதைக் கொடுமையா படுத்துறோம்?" என்கிறார்கள். இது கொடுமைதானா, இல்லை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: நீங்கள் பெரிதுபடுத்தவில்லை அம்மா. கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலத்தில், கழுத்தில் சீழ் வடியும் ஒரு நாயை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ரோமத்தை மழித்துப் பார்த்தேன். புண்ணுக்குள்ளே கழுத்துப்பட்டை! குட்டியில் மாட்டியது. நாய் வளர்ந்திருக்கிறது, பட்டையை யாரும் தளர்த்தவில்லை, சதை அதன்மேல் மூடிக்கொண்டுவிட்டது. மயக்க மருந்து கொடுத்து அறுத்து எடுத்தேன். வந்தவர் தேம்பித் தேம்பி அழுதார். "ஒரு அடி அடிச்சதில்லை டாக்டர்" என்றார். அவர் சொன்னது உண்மை என்றே இன்றைக்கும் நம்புகிறேன். அதற்குப் பிறகு யாரிடமும் "அடித்தீர்களா?" என்று நான் கேட்டதே இல்லை. "பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா? கடைசியாக எப்போது அவிழ்த்து விட்டீர்கள்?" என்றுதான் கேட்பேன்.

சட்டமும் இந்தக் கேள்விக்கு வந்துசேர வெகுகாலம் பிடித்தது. 1822இல் எம்.பி. ரிச்சர்ட் மார்ட்டின் முயற்சியால் பிரிட்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், குதிரை, மாடு, ஆடு போன்றவற்றை அடித்து வதைப்பதைக் குற்றமாக்கியது. நாய் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 1965இல் அங்கே அரசு அமைத்த பிராம்பெல் குழு, பண்ணை விலங்குகளுக்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்று எழுதியது. இதைக்கூட எழுதிக் கேட்க வேண்டியிருந்ததே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு பதைக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006இல் வந்த சட்டம்தான் பெரிய திருப்பம் என்பேன். விலங்கின் தேவைகளைப் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் கடமை என்றது அது. கடமை தவறினாலே நடவடிக்கை எடுக்கலாம். காயம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் இருக்கிறது. மிகக் குட்டையான, அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாததும் குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் குரல் கொடுத்ததால் வந்த சட்டம் அது. ஆனால் முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நீங்கள் எடுத்தவுடன் புகாருக்குப் போக வேண்டாம். நாயின் பெயரைக் கேளுங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் நான் நடக்கக் கூட்டிப் போகட்டுமா என்று கேளுங்கள். குட்டியாக இருந்தபோது எதையோ கடித்துக் குதறியிருக்கும், அன்றைக்கு ஒருநாள் கட்டிப்போட்டிருப்பார்கள், அப்புறம் அவிழ்க்கத் தோன்றாமலே போயிருக்கும். நான் பார்த்த பல வீடுகளில் கதை இதுதான். அவர்கள் அசையவே இல்லையென்றால் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், சங்கிலி எத்தனை அடி, தண்ணீர்ப் பாத்திரம் எட்டுகிறதா, வெயில் வந்தால் நிழல் உண்டா. தூணைச் சுற்றி மண் தேய்ந்திருக்கும் வட்டத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "பார்க்கவே பாவமாக இருக்கிறது" என்ற புகாரைத் தட்டிக் கழிப்பது சுலபம், இந்தக் குறிப்புகளைத் தட்டிக் கழிக்க முடியாது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இரவில் போய்ச் சங்கிலியை அறுத்துவிடாதீர்கள். தெருவையே பார்த்திராத நாய் நேரே வண்டிச் சக்கரத்தில் போய் விழும்.

கேள்வி: மனிதர்களே வதைபடும் உலகத்தில் மிருகவதைக்கு இவ்வளவு சட்டம் தேவையா?

பதில்: 1874இல் நியூயார்க்கில் வளர்ப்புத் தாயிடம் அடிபட்டு வதைபட்ட ஒரு சிறுமியை மீட்க ஒரு பெண்மணி பல கதவுகளைத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. கடைசியில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்கிடம் போனார். அவர் உதவியால் வழக்கு நீதிமன்றம் ஏறியது, சிறுமி மீட்கப்பட்டாள். அதன் தொடர்ச்சியாகத்தான் குழந்தைகளுக்கான வதைத் தடுப்புச் சங்கம் அந்நகரில் பிறந்தது. வாயில்லாத ஜீவனுக்காகக் கதவு திறந்து வைத்தவரிடம்தான் அந்தக் குழந்தைக்கும் வழி கிடைத்தது, தம்பி.

கேள்வி: நண்டுக்கு வலிக்குமா? உயிரோடு கொதிநீரில் போடுகிறார்களே?

பதில்: வலிக்கிறது என்று கொள்ள வலுவான ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிய அறிக்கை 2021இல் வந்தது. மறு ஆண்டே நண்டு, இறால், ஆக்டோபஸ் ஆகியவற்றை உணர்வுள்ள உயிர்களாகச் சட்டம் ஏற்றது. நூற்றுக்கு நூறு நிரூபணமாகட்டும் என்று காத்திருந்தால், அதுவரை கொதிநீரில் விழுபவற்றுக்கு யார் பதில் சொல்வது? சுவிட்சர்லாந்து காத்திருக்கவில்லை. 2018 முதல் அங்கே சிங்க இறாலை உணர்விழக்கச் செய்த பிறகே சமைக்கலாம்.