டச்சு மொழியில் 'வ்லொக்கன்' என்றால் என்ன? எதற்கெல்லாம் அந்தச் சொல்?

நெதர்லாந்துக் கடைகளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பாக்கெட்டுகளில் 'வ்லொக்கன்' என்று போட்டிருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மெல்லிய சிறு செதில்களாக இருக்கும் எதற்கும் அந்தப் பெயர்தான். ஒன்று என்றால் வ்லொக், பல என்றால் வ்லொக்கன். பேச்சில் கடைசி 'ன்' பெரும்பாலும் காதில் விழாது.

ஆனால் காலைச் சாப்பாட்டு மேசையில் யாராவது வ்லொக்கன் கேட்டால் அது சாக்லேட்தான். ரொட்டியில் தூவிச் சாப்பிடுவது. குழந்தைகள் மட்டுமல்ல, வேலைக்குக் கிளம்பும் பெரியவர்களும் சாப்பிடுவார்கள். இதே வேலைக்கு ஹாகல்ஸ்லாக் என்று இன்னொன்றும் உண்டு. அது குச்சி குச்சியாக இருக்கும், உருண்டு ஓடும். வ்லொக்கன் இழைப்புளியில் இழைத்த மரச்சுருள் மாதிரி லேசாக வளைந்திருக்கும், வாயில் போட்டதும் கரையும். எனக்கு இதுதான் பிடிக்கும், அதிலும் கருப்பு சாக்லேட்டில் செய்தது.

சாப்பிட ஒரு முறை இருக்கிறது. முதலில் ரொட்டியின் ஓரம் வரை வெண்ணெய் தடவ வேண்டும். வெண்ணெய்தான் செதில்களைப் பிடித்து வைக்கும். இல்லையென்றால் பாதி தட்டில் கொட்டிவிடும். கையால் அள்ளாதீர்கள், விரல் சூட்டுக்கே இளகி ஒட்டிக்கொள்ளும். பெட்டியிலிருந்து நேராகத் தூவுங்கள். ரொட்டியைச் சுட வேண்டாம், சூட்டில் உருகிப்போனால் செதில் எங்கே இருக்கும்? டெ ரௌட்டர் என்ற நிறுவனத்தின் வ்லொக்கன் பெட்டி பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகளில் கிடைக்கும்.

அப்புறம், ஹாவர்வ்லொக்கன் என்றால் ஓட்ஸ். மீன் தொட்டியில் போடும் செதில் தீவனத்துக்கும், பனிச் செதிலுக்கும் இதே சொல்தான். பழைய பாலைக் காபியில் ஊற்றித் திரிதிரியாக மிதந்தால், பால் 'வ்லொக்ட்' (திரிகிறது) என்று வினைச்சொல்லாகவும் சொல்வார்கள்.

கர்ப்பிணிகள் தெரிந்துகொள்ள வேண்டியது 'வ்லொக்கன்டெஸ்ட்'. இதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்து, குழந்தையின் குரோமோசோம்களைப் பார்க்கும் பரிசோதனை. பொதுவாக 11 முதல் 14 வாரத்துக்குள் செய்வார்கள். பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் இதைப் பற்றிப் பேசுவார்கள், கட்டாயமில்லை. சிறிய அளவில் கருச்சிதைவு அபாயமும் இருப்பதால், இந்தச் சொல் காதில் விழுந்தால் சும்மா தலையாட்டாமல் மருத்துவச்சியிடம் ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பொறுமையாகவே சொல்வார்கள்.